இயற்கையின் லைன் லாஸ்

சூரியன் உதிக்கத் தொடங்கிய நாளிலிருந்து உலகத்தில் நடந்துவரும் மாபெரும் நிர்வாகச் சீர்கேட்டைக் கண்டுபிடித்துத் தட்டிக் கேட்ட முதல் மனிதர், உத்திரமேரூருக்கும் சாலவாக்கத்துக்கும் நடுவே, டவுன் பஸ் நின்றாலும் நிற்கலாம் என்கிற தகுதியுள்ள ஒரு கிராமத்தில் வசிக்கிறார். பெயர் தாமோதரன். மின்சார ஆபீஸில் முப்பத்து நான்கு வருடம் உழைத்து, லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவர். அவருக்கு முன்னால் எத்தனையோ முனிவர்கள் சூரியனைக் கும்பிட்டிருக்கிறார்கள். விளக்கம் கேட்டு ஒரு மெமோ கொடுக்க வேண்டும் என்று அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கண்டுபிடிப்பு நிகழ்ந்தது ஒரு மார்கழி மாத ஞாயிற்றுக்கிழமை, நாஷ்டா முடிந்த கையோடு. அவர் மனைவி கல்பனா அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்காகக் கூடத்தில் உட்கார்ந்து ஒரு சார்ட் வரைந்துகொண்டிருந்தார். அடியில் சூரியன். அதற்கு மேல் நெற்பயிர், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு. உச்சியில் ஒரு கழுகு. பயிரிலிருந்து கழுகு வரைக்கும் ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில் 'பத்து சதவீதம்' என்று எழுதியிருந்தது. தாமோதரன் ஈர்க்குச்சியால் பல் குத்தியபடி அதைப் பார்த்தார்.

"இது இன்னா கல்பனா, எல்லாத்துக்கும் பத்து பர்சன்ட்டுன்னு போட்டுக்கினு கீற?"

"நெல்லுல கீற சத்து மொத்தமும் அத்தத் தின்ன பூச்சிக்குப் போவாதுங்க. பத்துல ஒரு பங்குதான் ஒடம்புல ஒட்டும். பூச்சியத் தின்ன தவளைக்கு அதுல பத்துல ஒண்ணு. அப்படியே மேல போவப் போவக் கொறஞ்சிக்கினே போவும்."

"மீதி தொண்ணூறு?"

"மூச்சு வுடணும், ஓடணும், ஆடணும். எல்லாம் சூடாப் போயிடும்."

"யாரும் கேக்கலியா?"

"யாரப் போயி கேக்கறது?"

ஈர்க்குச்சி கீழே விழுந்தது. தாமோதரனின் உத்தியோகம் முழுவதும் ஒரே ஒரு சொல்லைச் சுற்றி நடந்தது. அந்தச் சொல் 'லைன் லாஸ்'. இங்கிருந்து அனுப்பிய மின்சாரத்துக்கும் அங்கே போய்ச் சேர்ந்த மின்சாரத்துக்கும் உள்ள வித்தியாசம் அது. அந்த வித்தியாசம் கொஞ்சம் கூடினாலும் மேலிடத்தில் கூப்பிட்டு நிற்க வைத்துக் கேள்வி கேட்பார்கள். நின்றிருக்கிறார். வியர்த்திருக்கிறார். இங்கே என்னடாவென்றால், நூற்றுக்குத் தொண்ணூறு லாஸ் காட்டிவிட்டு இயற்கை என்பவள் கோடானுகோடி வருடமாகப் பதவியில் இருக்கிறாள். ஒரு டிரான்ஸ்பர் கூட இல்லை. போதாக்குறைக்குக் கவிஞர்கள் வேறு பாராட்டுகிறார்கள்.

ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகியிருந்தது. அந்த எட்டு மாதமும் அவர் சும்மா இருந்தார் என்று சொன்னால் அபாண்டம். மின்கம்பத்தின் இழுவைக் கம்பியில் ஆடு கட்டுகிறவர்களைத் திட்டினார். தெருவிளக்கு பகலில் எரிந்தால் ஊரையே எழுப்பினார். ரிடையர் ஆனவனுக்கு உலகம் பூராவும் டியூட்டி என்று தன்னைத் தானே கேலி செய்துகொள்ளவும் செய்வார். ஆனால் இப்படி ஒரு பெரிய கேஸ் கைக்குக் கிடைத்தது இப்போதுதான்.

உலகம் முழுவதையும் ஒரே நாளில் திருத்த முடியாது. ஆகவே தன் 'அதிகார வரம்புக்கு' உட்பட்ட இடத்தில் தொடங்கினார். அதாவது ஏரிக்கு அந்தப் பக்கம் இருந்த அவருடைய முக்கால் ஏக்கர் கழனி. நிலம் அவருடையது. விதைப்பதும் நடுவதும் களை பறிப்பதும் வேதகிரியும் அவர் மனைவி பரிமளாவும். அறுத்த நெல் ஆளுக்குப் பாதி. ஒழுங்காக விளைந்தால் இருபது மூட்டை வரும். பத்து இங்கே, பத்து அங்கே. தாமோதரனுக்கு அந்தப் பத்து மூட்டை ஒரு கௌரவம். வேதகிரிக்கு அந்தப் பத்து மூட்டைதான் வருஷம் முழுக்கச் சோறு.

எங்கே சூடோ அங்கே லாஸ். இது துறையின் பால பாடம். கம்பியில் இணைப்பு சரியில்லாத இடம் சுடும், டிரான்ஸ்பார்மர் சுடும். ஆகவே தாமோதரன் புறங்கையை நீட்டியபடி தணிக்கைக்குப் புறப்பட்டார். முதலில் கழனிக்குப் போட வைத்திருந்த எருக்குப்பையில் கையை விட்டார். வெளியே மார்கழிப் பனி, உள்ளே வெந்நீர்ப் பானை போலச் சூடு. "மாட்டிக்கினு இருக்குது பாரு!" என்று அவர் கத்தியது பக்கத்துக் கழனி வரை கேட்டது.

பிறகு பசுவைத் தொட்டார். சூடு. கோழியைத் துரத்திப் பிடித்துத் தொட்டார். அது அவரைவிட வேகமாக மூச்சு வாங்கியது, அதுவும் சூடு. கடைசியில் வரப்பு வெட்டிக்கொண்டிருந்த வேதகிரியிடம் வந்து, அவர் முதுகில் புறங்கையை வைத்தார்.

"இன்னா சார்?"

"அனலா கொதிக்கிது வேதகிரி. லாஸ் உங்கிட்டதான் கீது."

"வேல செஞ்சா சுடத்தான சார் செய்யும்?"

"செய்யற வேலய சூடாவாம செய்யி. அதான் எபிசியன்சி."

இரண்டு தலைமுறையாக அந்தக் கழனியில் வேலை செய்யும் குடும்பம் அது. வேதகிரியின் முதுகில் நிலக்காரர் வீட்டுக் கை ஒன்று பட்டது அதுவே முதல் தடவை. இதைச் சமூக முன்னேற்றம் என்றுதான் சொல்ல வேண்டும். குற்றம் கண்டுபிடிக்கத்தான் என்றாலும், தொட்டாரே.

பொங்கலுக்கு முந்தைய வாரம் சமுதாயக் கூடத்தில் 'ஆற்றல் இழப்புத் தடுப்பு ஆலோசனைக் கூட்டம்' நடைபெற்றது. பேனர் பெரிது. வந்தவர்கள் நான்கு பேர். கல்பனா, வேதகிரி, பரிமளா, பிறகு டீக்கடை சடையப்பன். சடையப்பன் வந்தது டீ சப்ளைக்கு. தலைமை, முன்னிலை, சிறப்புரை, நன்றியுரை எல்லாம் தாமோதரன்.

"நெல்லுல கீற சத்து மன்சனுக்கு வர்றதுக்குள்ள நடுவுல எத்தினி பேரு கொக்கி போடறான் பாருங்க. பூச்சி, தவளை, எலி, பாம்பு, ஆந்தை. ஒருத்தனும் மீட்டர் வெச்சிக்கல. எல்லாம் திருட்டு கனெக்‌ஷன்!"

சடையப்பன் டீயை ஊற்றிக்கொண்டே கேட்டார். "சார், வானத்துல சூரியன் அடிக்கிற அடியில முக்கால்வாசி ரோட்லயும் பாறையிலயும் வுழுந்து வேஸ்ட் ஆவுதே, அத்த யாரு கேக்கறது?"

"சூரியன் ஜெனரேஷன் சைடு. நம்முளுது டிஸ்ட்ரிபியூஷன். அதுல நாம தலையிடக் கூடாது."

பரிமளா டீயை ஊதினார்.

"ஊதாத பரிமளா! அது லாஸ்."

"ஊதாம குடிச்சா நாக்கு வெந்துடும் சார்."

"வேவட்டும். சத்து உள்ளதான போவுது?"

கூட்டத்தில் மூன்று தீர்மானங்கள் ஒருமனதாக, அதாவது அவர் மனதாக, நிறைவேறின. எருக்குப்பையில் தண்ணீர் ஊற்றிக் குளிர வைக்க வேண்டும். வரப்பில் குடியிருக்கும் சாரைப்பாம்பை வெளியேற்ற வேண்டும். கழனியில் தென்னை மட்டைகளைத் தலைகீழாக நட்டு வைக்கும் வழக்கத்தை உடனே நிறுத்த வேண்டும். அந்த மட்டைகளின் மேல்தான் கரிச்சான் குருவியும் ஆந்தையும் வந்து உட்காரும். அனுமதி இல்லாமல் கம்பம் நட்டு, அதில் கண்டவர்களை உட்கார வைப்பதைத் தாமோதரனின் முப்பத்து நான்கு வருட சர்வீஸ் மன்னிக்கவில்லை.

"மட்டைய புடுங்கினா எலி கூடும் சார்" என்றார் வேதகிரி.

"எலி சின்ன லோடு வேதகிரி. ஆந்தை பெரிய லோடு. பெரிய லோட மொதல்ல கட் பண்ணணும்."

"ஏங்க, பாம்பு சூடான பிராணி கெடையாது" என்றார் கல்பனா. "உங்க கணக்குப்படி அது நல்ல கன்ஸ்யூமர்தான்."

பாம்பைத் தொட்டுச் சரிபார்க்கலாம். ஆனால் களப் பணியில் பாதுகாப்பு முக்கியம். "அது கணக்குல காட்டாத லோடு" என்று தாமோதரன் தீர்ப்பளித்தார். இரண்டாம் நாள் பாம்பு பிடிக்கிறவர் வந்து சாரையைச் சாக்கில் போட்டுக் கொண்டுபோய் ஏரிக்கு அப்பால் விட்டார். அது போகும்போது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்பதைத் தாமோதரன் குற்ற உணர்ச்சியின் அடையாளமாக எடுத்துக்கொண்டார்.

வீட்டிலும் சீர்திருத்தம் அமலுக்கு வந்தது. முட்டை என்பது கோழி என்ற இடைத்தரகர் மூலம் வரும் தானியம். பால் என்பது மாடு என்ற டிரான்ஸ்பார்மர் வழியாக, பெரும் இழப்போடு வரும் வைக்கோல். எதற்கு இந்தச் சுற்றுவழி? சோறு மட்டும் போதும், அது 'நேரடி இணைப்பு'. மூன்று வேளையும் நேரடி இணைப்பு கொடுத்துக்கொண்டதில் அவருக்கு ஒரு மாதத்தில் தொப்பை ஒரு சுற்று கூடியது. இழப்பு குறைந்து சேமிப்பு பெருகியிருக்கிறது என்று கல்பனாவிடம் தட்டிக் காட்டினார். கல்பனா பால் காப்பியைக் குடித்துக்கொண்டே பார்த்தார். மாட்டை விற்கலாம் என்று ஒருதரம் பேச்செடுத்தபோது, "மாட்டோட சேத்து எனக்கும் ஒரு ஆள் பாருங்க" என்று அவர் சொன்ன பிறகு அந்தக் கோப்பு மூடப்பட்டது.

தை பிறந்து நடவு முடிந்தது. மாசியில் வரப்பில் நின்று பார்த்தால் கழனி பச்சைப் பாய் விரித்தது போல இருந்தது. தாமோதரன் தினமும் காலையில் வந்து, மட்டை இல்லாத, பாம்பு இல்லாத, ஆந்தை அலறாத தன் கழனியைப் பார்த்துப் பூரித்தார். திருட்டுக் கனெக்‌ஷன் ஒன்றுகூட இல்லாத உலகத்தின் ஒரே முக்கால் ஏக்கர்.

வேதகிரி மட்டும் ஒருநாள் உள்ளே இறங்கி நடந்தார். நடுக் கழனியில் போய்க் குனிந்தவர் நிமிரவே இல்லை. தாமோதரனும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். ஓரத்தில் நான்கு முழ அகலத்துக்குப் பயிர், பார்வைக்கு. உள்ளே கதிரைப் பொதிந்து நின்ற தண்டுகள் எல்லாம் அரிவாளால் சாய்வாக அறுத்தது போல வெட்டப்பட்டுக் கிடந்தன. வரப்பு நெடுக எலி வளைகள்.

"சின்ன லோடு சார்" என்றார் வேதகிரி. அவர் கேலி செய்யவில்லை. குரலில் அதற்குத் தெம்பு இல்லை.

பரிமளா வரப்பில் உட்கார்ந்துவிட்டார். "இந்த வருசமாவது கடனுக்கு நெல்லு வாங்காம ஓட்டிடலாம்னு பாத்தேன். இன்னா சார் இப்படி ஆயிடுச்சி?"

தாமோதரனுக்கு அடிவயிற்றில் ஏதோ பிசைந்தது. அது வெட்கம்தான். ஆனால் முப்பத்து நான்கு வருட சர்வீஸில் அந்தப் பொருளை அவர் கையாண்டதே இல்லை. ஆகவே நேரடி இணைப்பால் வந்த வாயுத் தொல்லை என்று முடிவுகட்டி, வீட்டுக்குப் போய்ப் பெருங்காயம் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு வேதகிரியும் பரிமளாவும் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. தென்னை மட்டைகளைத் திரும்ப நட்டார்கள். மூங்கில் பொறி செய்து வரப்பெல்லாம் வைத்தார்கள். வளை வளையாகத் தோண்டினார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் கல்பனாவும் புடவையைச் செருகிக்கொண்டு கழனியில் இறங்கினார். தாமோதரன் வரப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார். "ஓடாதீங்க, ஓடாதீங்க, சூடாவுது பாரு" என்று மூன்று பேரையும் மாறி மாறி எச்சரித்தார். ஒருவரும் காதில் வாங்கவில்லை. சட்டத்தை மதிக்காத ஜனங்கள்.

சித்திரையில் அறுப்பு மெஷின் வந்தது. அரை மணியில் வேலை முடிந்துவிட்டது, அறுக்க அவ்வளவுதான் இருந்தது. களத்தில் நெல்லைக் கொட்டி மூட்டை பிடித்தார்கள். இருபது வர வேண்டிய இடத்தில் பதினொன்று. வேதகிரியும் பரிமளாவும் கல்பனாவும் வெயிலில் நின்று மூட்டை தைத்தார்கள். டீ கொண்டுவந்த சடையப்பனும் ஒரு கை கொடுத்தார். தாமோதரன் வேப்பமர நிழலில், தலையில் ஈரத்துண்டும் கையில் நுங்குமாக வீற்றிருந்தார்.

பங்கு பிரிக்கும் நேரம் வந்தது. அப்போதுதான் அவர் அறிவியல் வரலாற்றில் தன் இரண்டாவது பெரிய அடியை எடுத்து வைத்தார்.

"வேதகிரி, ரூல் இன்னான்னா, மீட்டர் வரைக்கும் ஆவுற லாஸ் ஆபீஸோடது. மீட்டருக்கு அப்பால ஆவுற லாஸ் கன்ஸ்யூமரோடது. நெலத்தக் குடுத்ததோட என் லைன் முடிஞ்சிபோச்சி. எலி தின்னது உங்கிட்ட நெலம் வந்தப்புறம்."

"அப்படின்னா?"

"எம்பங்கு பத்து. உம்பங்குல ஒம்போது லாஸ் ஆயிடுச்சி. மீதி ஒண்ணு."

கல்பனா நிமிர்ந்து பார்த்தார். "பத்துல ஒண்ணா?"

"இயற்கை விதி கல்பனா! பத்து பர்சன்ட்தான் அடுத்த படிக்குப் போவும்னு நீதான எழுதினே? இயற்கைய மீற நாம யாரு?"

நான்கு மாதமாகத் தொண்ணூறு சதவீத இழப்பை எதிர்த்துப் போராடிய மாவீரர், அந்த விதி தனக்குச் சாதகமாக முளைத்த அந்த நிமிடமே அதன் முன் பணிவுடன் தலை வணங்கிய காட்சி அது. கொள்கையில் இவ்வளவு நெகிழ்வு எல்லோருக்கும் வாய்க்காது.

பரிமளா கையிலிருந்த கோணி ஊசியைக் கீழே வைத்தார். "ஒத்த மூட்டய வெச்சிக்கினு நாங்க எத்தினி மாசம் சார் துன்றது?"

வேதகிரி அவரைக் கையமர்த்திவிட்டு நிழலுக்கு வந்தார். முகத்தில் வியர்வையோடு பதர் ஒட்டியிருந்தது. "சார், மாடு, கோழி, நான்னு ஒருத்தர வுடாம தொட்டுப் பாத்தீங்க. உங்கள யாரும் பாக்கலியே. நான் பாக்கட்டுமா?"

சடையப்பன் டீத் தூக்கைப் பிடித்தபடி அப்படியே நின்றார். அந்த ஊரில் அப்படி ஒரு கை அப்படி ஒரு நெற்றிக்குப் போனதாக யாருக்கும் ஞாபகம் இல்லை. தாமோதரனின் தலை கொஞ்சம் பின்னால் போனது. ஆனால் தணிக்கை என்றால் தணிக்கை. அதுவும் எல்லோரும் பார்க்கிறார்கள். ஈரத்துண்டை எடுத்துவிட்டு நெற்றியைக் காட்டினார்.

வேதகிரி புறங்கையை வைத்தார். நெருப்பு போலச் சுட்டது அந்தக் கை. கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு எடுத்தார்.

"ஜில்லுனு கீது சார்."

"பாத்தியா!" தாமோதரன் துள்ளி எழுந்தார். "ஜீரோ லாஸ்! இந்த ஊர்லயே நான் ஒருத்தன்தான்..."

சுற்றிலும் பார்த்தார். ஒருவரும் கை தட்டவில்லை. வேதகிரி தன் புறங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பரிமளாவின் கழுத்து வழியாக வியர்வை இறங்கிக்கொண்டிருந்தது. கல்பனாவின் முகத்தில் கோபம்கூட இல்லை, களைப்புதான் இருந்தது. மூன்று பேரும் கொதித்துக்கொண்டிருந்தார்கள். தாமோதரன் தன் புறங்கையைத் தன் நெற்றியிலேயே வைத்துப் பார்த்தார். அடிவயிற்றில் மறுபடியும் பிசைந்தது. இந்தத் தடவை அது வாயு இல்லை என்று அவருக்கே தெரிந்தது. மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வேதகிரி."

"இன்னா சார்?"

"பத்து மூட்டயும் வண்டியில ஏத்து. உங்க வூட்டுக்கு. எனக்கு அந்த ஒண்ணு போதும்."

சடையப்பனுக்குப் பொறுக்கவில்லை. "இன்னா சார், ஜீரோ லாஸுன்னீங்க, பட்டுன்னு இப்படி மாத்திட்டீங்க?"

தாமோதரன் சிரித்தார். அழுகையைவிட ஒரு படி மேலான சிரிப்பு.

"முப்பத்தி நாலு வருசம் கம்பம் ஏறிகீறேன் சடையப்பா. லாஸே இல்லாத லைனு ஒண்ணே ஒண்ணுதான் கீது. தொட்டா சுடாது, ஒண்ணும் பண்ணாது."

"அது எந்த லைனு சார்?"

"சப்ளை இல்லாத லைனு. அதுதான்யா இத்தினி வருசமா நெழல்ல குந்திக்கினு பாதி நெல்லு கேட்டுக்கினு இருந்துது."